பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனதா? முதலில் லைன் நுனியைப் பாருங்கள்

மீன் தப்பியதும் படகில் பஞ்சாயத்து கூடிவிடும். டிராக், அதாவது மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், இறுக்கம் என்பார் ஒருவர். ராடை (தூண்டில் கம்பை) தூக்கிப் பிடித்ததுதான் தப்பு என்பார் இன்னொருவர். "அது சாதாரண சைஸ் இல்லப்பா" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். இதற்குள் ராடுக்காரர் அறுந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டுப் புது முடிச்சுக்குப் போயிருப்பார். இருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

மீன் பெரிது என்பது பெரும்பாலும் காரணமே இல்லை. 2006இல் ஜப்பானின் ககோஷிமா பக்கம் 72.8 கிலோ பாறை மீன் ராடில் ஏறியிருக்கிறது. 1953இல் பெருவின் காபோ பிளாங்கோவில் 707 கிலோ கறுப்பு மார்லினையே ராடில் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் கையில் அறுந்தது ஏன் என்று கேட்டால் அறுந்த நுனி, நிமிர்ந்த முள், ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளையில்) மிச்சமிருக்கும் லைன் ஆகிய மூன்றும் பதில் சொல்லும். அவற்றை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி கீழே.

நான் மனதில் வைத்திருக்கும் செட் இது: 14000 முதல் 18000 அளவு ஸ்பின்னிங் ரீல், பிஇ (நூலின் தடிமன் எண்) 6 முதல் 8 வரையிலான பிரெய்டு எனும் பின்னல் லைன், அதன் முனையில் கட்டும் 130 முதல் 170 பவுண்டு நைலான் லீடர். மீன்கள் ஜிடி என்று ராடுக்காரர்கள் சொல்லும் பெரும் பாறை, வஞ்சிரம், சூரை, மயில் மீன். ராமேசுவரம், தூத்துக்குடி, சென்னைப் பக்கத்து ஃபைபர் படகுக்கும் அந்தமானுக்கும் இது பொருந்தும்.

லைன் அறுந்துவிட்டது

நுனியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பிறகு கடைசி நாலைந்து அடியை நகத்தின் ஓரத்தில் வைத்து மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தப்பும் கீறல் நகத்தில் தட்டும்.

நுனி சுத்தமாக, சரிவாக வெட்டுப்பட்டிருக்கிறது, அதற்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை என்றால் அது பல்லின் வேலை. வஞ்சிரத்தின் பற்கள் சின்னச் சின்ன முக்கோணத் தகடுகள். நைலான் எத்தனை பவுண்டு என்று அவை கேட்பதில்லை. லூருக்கு (செயற்கை இரைக்கு) முன்னால் ஒரு முழம் உருக்குக் கம்பி போட்டால் போதும். ஒற்றை இழைக் கம்பி மெல்லியது, தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு மீன் சண்டை போட்டதும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விழுந்த கம்பியைத் தயங்காமல் தூக்கிப் போட வேண்டும், நேராக்கிப் போட்டால் அந்த இடத்திலேயே முறியும். பல இழைக் கம்பி வளைந்துகொடுக்கும், ஆனால் இழை இழையாகப் பிரியும். கம்பி போட்டால் பாறை மீன் அடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. தண்ணீரைக் கொப்பளிக்க வைக்கும் பாப்பருக்கு முன்னால் அது பெரிய பொருட்டில்லை. தெளிந்த தண்ணீரில் உயிர் இரை போட்டுக் காத்திருக்கும்போதுதான் அந்தப் பேச்சு நிஜம்.

அதே சுத்தமான வெட்டு, ஆனால் லூருக்கு ஏழெட்டு அடி மேலே என்றால் கடித்தது வேறு மீன். லைன் முறுக்காமலிருக்க மாட்டும் பளபளக்கும் சுழலி தண்ணீரில் ஓடும்போது அதையும் பொடி மீன் என்று நினைத்து இன்னொரு வஞ்சிரம் வெட்டிவிடும். கறுப்பு நிறச் சுழலிக்கு மாறிவிடுங்கள்.

நுனி சொரசொரவென்று, அதற்கு மேலும் இரண்டு மூன்று அடிக்குக் கீறல் கீறலாக இருக்கிறதா? மீன் உங்களைப் பாரில் வைத்து அறுத்திருக்கிறது. ஜிடியின் குணமே அதுதான். அடித்ததும் தலையைத் திருப்பி நேரே பவளப்பாரின் விளிம்புக்கு ஓடும். இதற்குத் தடித்த லீடர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் 200 பவுண்டுக்குப் போகிறார்கள். அது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அசல் மருந்து படகு ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், படகின் மூக்கு ஆழத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அடித்த கணமே படகு பாரைவிட்டு விலக வேண்டும். ராமேசுவரத்தில் ஒரு படகோட்டி அண்ணன் முதல் வீச்சுக்கு முன்பே சொல்லிவிடுவார்: "தம்பி, அடிச்சா நா வள்ளத்த ஆழத்துப் பக்கம் எடுத்துருவேன். நீ ராட மட்டும் புடிச்சுக்க. ரீல சுத்துறேன்னு நிக்காத." முதல் பத்து விநாடிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பத்து விநாடியில் எதையும் உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள். மீனின் தலை பாரை நோக்கித் திரும்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

லைன் பாரில் சிக்கி நிற்கிறது, ஆனால் மறுமுனையில் மீன் இன்னும் தட்டுகிறது என்றால் வெறிகொண்டு இழுக்காதீர்கள். பெயிலை (ரீலில் லைனைப் பிடிக்கும் கம்பி வளைவை) திறந்து லைனைத் தளரவிடுங்கள். இழுப்பு இல்லை என்று தெரிந்ததும் மீன் சில சமயம் தானே வெளியே வரும். அதற்குள் படகைச் சுற்றிக் கொண்டுபோய், லைன் உள்ளே போன திசையிலிருந்து எடுங்கள். பார் என்றதும் இன்னொன்று: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளை ஒட்டிய பார்களில் ராடு வீசக் கூடாது.

நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் எதுவும் அறுபடவில்லை, முடிச்சு வழுக்கியிருக்கிறது. 150 பவுண்டு நைலானைக் கையால் இறுக்க முடியாது. எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து, லூரை எங்காவது மாட்டி, மறுமுனையைக் குறடால் பிடித்து உடம்பு எடையோடு இழுக்க வேண்டும். லீடரே முழுசாகப் போய், பிரெய்டின் நுனி மட்டும் நெளி நெளியாக, நீங்கள் பின்னிய சுற்றின் வடிவத்தோடேயே திரும்பி வந்தால், பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு கழன்றிருக்கிறது. சரியாக இறுகிய எஃப்ஜியில் பிரெய்டு லீடருக்குள் கடித்து இறங்கும், அதன் நிறம் ஒரு பங்கு கறுக்கும். நகத்தால் தள்ளினால் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. நகர்ந்தால் அந்த முடிச்சை வெட்டி மறுபடி பின்னுங்கள். ஆடுகிற படகில் இதைச் செய்ய நினைக்காமல் முந்தின இரவே வீட்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பின்னி, பின்னிய முடிச்சு கெடாமல் கொண்டுபோவதுதான் நல்லது.

பிரெய்டு நடுவழியில் பஞ்சு பிரிந்த மாதிரி அறுந்திருந்தால் ராடின் வளையங்களைச் சந்தேகியுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்று சுற்றுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கும். அந்த வளையம் மாறும் வரை எந்த பிரெய்டு போட்டாலும் அறும்.

மீன் முதல் ஓட்டம் எடுத்ததும் வெடிச்சத்தத்தோடு ஸ்பூலுக்குப் பக்கத்திலேயே அறுந்ததா? பிரெய்டு தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது. மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து பூட்டிக்கொள்ள, டிராக் வேலை செய்ய வழியே இல்லாமல் போயிருக்கும். ஸ்பூலில் ஏற்றும்போது ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து இறுக்கமாக ஏற்றுங்கள்.

முள் நிமிர்ந்து வந்தது, வளையம் வாய் திறந்தது

மூன்று முள் கொண்ட கொக்கியில் பெரும்பாலும் ஒரு முள்தான் மாட்டும். முழு பாரமும் அதன் மேல். சாதாரணக் கொக்கி 12 கிலோ டிராக்குக்குத் தாங்காது. 4எக்ஸ் தடிமன் கொக்கி அல்லது தடித்த ஒற்றை முள் போடுங்கள். ஒற்றை முள் மாட்டுவது கொஞ்சம் குறைவு. மாட்டினால் விடாது, மீனை விடுவிக்கவும் எளிது. என் வோட்டு ஒற்றை முள்ளுக்கு. முள் கெட்டியாகி, அதை லூரோடு இணைக்கும் வளையம் மெலிதாக இருந்தால் அடுத்த முறை வளையம் திறக்கும். அறுபடு திறன் எழுதாத வளையத்தை வாங்கவே வாங்காதீர்கள். கொக்கி கனமானால் பாப்பர் பின்பக்கம் தாழ்ந்து நடையே மாறும், அதையும் படகோரத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முள் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் முனை மட்டும் மடங்கியிருக்கிறது என்றால் எலும்பில் பட்டு வழுக்கியிருக்கிறது. அரத்தை எடுங்கள்.

பின்னாலேயே வருகிறது, அடிக்காமல் திரும்புகிறது

ஜிடி லூருக்குப் பின்னால் வருவது தெரிந்ததும் கை தானாக மெதுவாகும். அதைத்தான் செய்யக் கூடாது. தப்பி ஓடுகிற மீன் வேகம் குறைக்காது. வேகத்தைக் கூட்டுங்கள், படகை ஒட்டும் வரை இழுங்கள். படகுக்கு ஐந்தடியில் அடித்த ஜிடிகள் எத்தனையோ. இரண்டு முறை வந்து திரும்பிவிட்டால் பாப்பரை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் நெளிந்து நீந்தும் ஸ்டிக்பெய்ட்டுக்கு மாறுங்கள்.

சூரை மாப்பு (மீன் கூட்டம்) கொப்பளிக்கிறது, எதைப் போட்டாலும் சீந்தவில்லை என்றால் அவை என்ன தின்கின்றன என்று பாருங்கள். நெத்திலியைத் தின்னும் சூரைக்கு முன்னால் ஒரு சாண் பாப்பர் போட்டு என்ன பயன்? விரல் நீள ஜிக்கை (கனமான உலோக லூரை) போடுங்கள். மாப்புக்கு நடுவில் வீசாமல் அது போகும் திசைக்கு முன்னால் வீசுங்கள். படகை மாப்புக்குள் ஓட்டாமல் காற்று வரும் பக்கம் போய் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்து வரவிடுங்கள்.

வேகமும் லூரும் சரியாக இருந்தும் அடி இல்லையா? நீவாடு (கடல் நீரோட்டம்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓட்டமில்லாத தண்ணீரில் பாரோர மீன் வாயைத் திறக்காது. லூரை மாற்றி மாற்றிக் கை வலிப்பதைவிட டீ குடித்துக் காத்திருப்பது மேல்.

அடிக்கிறது, மாட்டவில்லை

பாப்பருக்குப் பின்னால் தண்ணீர் வெடித்த நொடியில் ராடை இழுத்தால் மீன் வாயிலிருந்து லூரைப் பிடுங்குகிறீர்கள். கண்ணை நம்பாதீர்கள், கை பாரத்தை உணரும் வரை லூரை ஓட்டிக்கொண்டே இருங்கள். முதல் அடி தவறினால் நிற்காமல் தொடருங்கள், பெரும்பாலும் இரண்டாவது அடி விழும்.

இரையில் பாதி மட்டும், வால் இல்லாமல் வந்தால் வஞ்சிரம் வாலை வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. முன்முள்ளிலிருந்து கம்பியில் ஒரு பின்முள்ளை இரையின் வால் பக்கம் வையுங்கள்.

முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் போட்டிருந்தால் கதையே வேறு. அதில் வெடுக்கென்று இழுப்பதே குற்றம். மயில் மீன் இரையை எடுத்துக்கொண்டு ஓடட்டும். பிறகு பெயிலை மூடி, ராடை மீனை நோக்கியே வைத்து, லைன் தானாக இறுகும் வரை சுற்றுங்கள். முள் நழுவி வந்து வாயோரத்தில் திரும்பி மாட்டும். மீன் வயிற்றில் முள் பெரும்பாலும் போகாது, விட்டால் பிழைக்கும். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கத்து மயில் மீன், மார்லின் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் முனை பக்கவாட்டில் சாயாத வட்ட முள்தான் என்று 2008 முதல் சட்டமே இருக்கிறது. மாட்டாமல் போனால் முள்முனை இரையின் சதைக்குள் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

டிராக் விட்டு விட்டு ஓடுகிறது

லைன் சீராகப் போகாமல் நின்று நின்று வெடுக்கென்று போகிறதா? ராடின் நுனி குதிப்பதைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு குதிப்பிலும் லைன் மேல் விழும் பாரம் நீங்கள் வைத்த அளவைவிடக் கூடுதல். டிராக் தட்டுகளுக்குள் உப்புத்தண்ணீர் போயிருக்கலாம், கிரீஸ் காய்ந்திருக்கலாம், சென்ற முறை இறுக்கி வைத்ததைத் தளர்த்தாமலேயே அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். மூன்றாவதுதான் அதிகம் பார்க்கிறேன். கார்பன் தட்டு என்றால் அதற்கென்றே விற்கும் டிராக் கிரீஸை மெலிதாகத் தடவினால் போதும்.

டிராக் அளவைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தொங்கு தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லைனை வளையங்கள் வழியாகவே விட்டு, ராடைச் சண்டை போடும் கோணத்தில் பிடித்து, தராசால் ஒருவர் இழுக்கட்டும். பிஇ 8 பிரெய்டு ரகத்தைப் பொறுத்து 80 முதல் 100 பவுண்டு, அதாவது 36 முதல் 45 கிலோ தாங்கும். முடிச்சு, அதிர்ச்சி, தேய்மானம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு மூன்றில் ஒரு பங்கு, 12 முதல் 15 கிலோ வையுங்கள். 15 கிலோ என்பது எழுத்தில் சின்ன எண். ஆடுகிற படகில் நின்று அதைத் தாங்கிப் பாருங்கள், இடுப்பு சொல்லும். வயிற்றுப் பட்டை இல்லாமல் அந்த அளவுக்குப் போகாதீர்கள்.

கைப்பிடி சுற்றுகிறது, லைன் உள்ளே வரவில்லை

முதலில் ஸ்பூலைப் பாருங்கள். ஸ்பூல் பின்னோக்கி நழுவினால் டிராக் தளர்வு. ஸ்பூல் அசையாமல் லைன் முழுவதும் ஒரே கட்டியாக ஸ்பூல் மேல் வழுக்கிச் சுழன்றால் அடியில் பிடிமானம் இல்லை. பிரெய்டை வெறும் உலோகத்தின் மேல் நேராகக் கட்டியதன் விளைவு இது. டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பிரெய்டுக்கு அடியில் சில சுற்று தங்கூசி நரம்பு (ஒற்றை இழை நைலான்) அல்லது ஒரு துண்டு ஒட்டுநாடா வைத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் அறுந்தது

மீன் ஓட ஓட டிராக்கை இறுக்கிக்கொண்டே போவது எல்லோருக்கும் வரும் ஆசை. கணக்கு நேர்எதிர். ஸ்பூலில் லைன் குறையக் குறைய டிராக் தானாகவே கூடும். லைன் வட்டத்தின் விட்டம் பாதியானால், நீங்கள் குமிழைத் தொடாமலேயே 12 கிலோ 24 ஆகிவிடும். அதோடு முந்நூறு மீட்டர் லைன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வளைவாகப் போகும்போது அந்த இழுவையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஸ்பூல் பாதிக்கு வந்தால் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், படகை மீனை நோக்கி விடச் சொல்லுங்கள். மயில் மீன் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று பழைய கணக்கு ஒன்று இன்னும் சுற்றுகிறது. பிற்கால அளவீடுகள் அதில் பாதியைக்கூடத் தரவில்லை. படகால் துரத்தலாம், பயப்பட வேண்டாம்.

படகுக்கு அடியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது

பெரிய சூரையின் வேலை இது. சூரை தன் தசையின் வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாமல் சேமித்து வைக்கும் மீன்; அதனால் களைப்பும் சீக்கிரம் வராது. ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து வட்டம் போடும். நீங்களும் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு மணிநேரம் போகும், அதற்குள் உங்கள் முதுகு போகும்.

ராடை ஆகாயம் பார்க்கத் தூக்கி இழுப்பது பலன் தராது. 45 பாகைக்கு மேல் போனால் முழு பாரமும் நுனிப்பகுதிக்கு வரும், ராடு முறிவதும் அங்கேதான். ஒரு சாண் உயர்த்தி, இறக்கும்போது ஒரு சுற்று. மறுபடி ஒரு சாண், ஒரு சுற்று. வட்டத்தில் மீன் படகைவிட்டு விலகும்போது பிடித்து வையுங்கள், படகை நோக்கி வரும்போது எடுங்கள். அந்தத் தாளம் பிடிபட்டால் ஒவ்வொரு வட்டமும் சின்னதாகும். அப்படியும் அசையாவிட்டால் படகை மெல்ல முன்னே நகர்த்திக் கோணத்தை மாற்றுங்கள். நேர் மேலே இருந்து இழுக்கும்வரை அதன் தலை திரும்பாது, பக்கத்திலிருந்து இழுத்தால் திரும்பும்.

துள்ளியது, துப்பிவிட்டது

காற்றில் தலையை உதறும்போது லைன் விறைப்பாக இருந்தால் முள் பிய்த்துக்கொண்டு வரும். மயில் மீன் தண்ணீருக்கு மேலே வந்ததும் ராடு நுனியை அதை நோக்கித் தாழ்த்துங்கள், விழுந்ததும் உடனே சுற்றி இறுக்குங்கள். கனமான ஜிக்கில் இது இன்னும் மோசம், ஜிக்கின் எடையே முள்ளை உதறிவிடும்.

கைக்கெட்டியது போயிற்று

அதிகம் தப்புவது கடைசி மூன்று மீட்டரில். பிரெய்டு நீளாது; லைன் நூறு மீட்டர் வெளியே இருக்கும்போது அந்த நீளமே கொஞ்சம் அதிர்ச்சியைத் தாங்கும். படகருகே அதுவும் இல்லை. மீன் படகைப் பார்த்து மிரண்டு ஒரு உதை விட்டால் முழு அடியும் முடிச்சில். லீடர் முடிச்சு வளையத்துக்குள் வந்ததும் டிராக்கை இரண்டு மூன்று கிலோ குறையுங்கள். மீன் எஞ்சின் பக்கம் திரும்பினால் ராடு நுனியைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு படகின் மூக்கு வழியாகச் சுற்றி வாருங்கள்.

லீடரைக் கையில் பிடிப்பவர் கையுறை போட வேண்டும். கையைச் சுற்றி முறுக்கிக்கொள்ளவே கூடாது. மீன் பாய்ந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். கொக்கிக் கம்பு வைத்திருப்பவர் மீனின் தலை தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்து, லைனுக்குப் பின்பக்கமாகப் போட வேண்டும். லைனுக்கு மேலே கம்பை நீட்டினால் கம்பே லைனை அறுத்துவிடும்.

தலை மட்டும் வந்தது

சுறா. ஒன்று கண்டுகொண்டால் அடுத்த மீனும் அதற்குத்தான். பிடிவாதமாக அங்கேயே நிற்காமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். சுறாவே ராடில் மாட்டினால் படகில் ஏற்றாமல் கம்பியை வெட்டிவிடுங்கள். பல சுறா இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, ஓரத்தில் தொங்கும் மீனைப் பார்த்து இனம் பிரிக்க நமக்குத் தெரியாது.

விட்ட மீன் மல்லாந்து மிதக்கிறது

சண்டை நீண்டுபோனதன் பலன் இது. மெல்லிய செட்டில் ஒரு மணிநேரம் விளையாடிவிட்டு 'விட்டுவிட்டோம்' என்று சொல்வதில் அர்த்தமில்லை, மீன் செத்துப்போகும். மயில் மீனைத் தண்ணீரைவிட்டே வெளியே எடுக்காதீர்கள். கையுறைக் கையால் அலகைப் பிடித்து, படகை மெல்ல முன்னே விட்டு, செவுளுக்குள் தண்ணீர் ஓடவிடுங்கள். வால் தானாக உதைக்கத் தொடங்கினால் கையை எடுங்கள். ஜிடியை வால் அடியில் பிடித்து நிமிர்த்தி வைத்து, தெம்பு வந்ததும் தலைகுப்புற வேகமாக உள்ளே தள்ளிவிடலாம்.

ஆழத்தில் ஜிக் போட்டு எடுத்த கலவா வயிறு ஊதி, வாய்க்குள்ளிருந்து இரைப்பை பிதுங்கி மிதந்தால் மேலே வைத்துத் தேற்றுவதில் பயனில்லை. காற்றுப்பை விரிந்திருக்கிறது, திரும்ப ஆழத்துக்குப் போனால்தான் அது சுருங்கும். எதிர்முள் இல்லாத ஒரு கொக்கியைத் தலைகீழாக ஈயக்குண்டில் கட்டி, கீழுதட்டில் மாட்டி இறக்கி, அடியில் போய் ஒரு வெட்டு இழுத்தால் மீன் கழன்றுகொள்ளும். செவுளிலிருந்து இரத்தம் கொட்டுகிற மீன் என்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம். அது பிழைக்காது, ஐஸ் பெட்டியைத் திறங்கள்.